சங்குத்திட்டில் பறக்காத வலைகள்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அறந்தாங்கி வண்டி ஏறினேன். மடியில் ஒரு பை. அதற்குள் கண்ணாடி வளையல்கள், ஒரு சேலை, கூடவே கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும்போதே மறக்காமல் எடுத்துவைத்த கொசு பேட். பேட்டின் கைப்பிடி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எங்கம்மா, ஷட்டில் மேட்ச்சுக்கா?"

"மீமிசலுக்கு. அங்கே ஒரு வளைகாப்பு."

"வளைகாப்புக்கு பேட்டு கொண்டு போற ஆளை இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த இருக்கைக்கு நகர்ந்துவிட்டார்.

என்னைக் கூப்பிட்டது கோகிலா. என் தங்கையின் மகள், மீமிசல் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குக் கிராம சுகாதார செவிலியர். இருபது வருடமாக நான் கோயில், மலை, அருவி என்று சுற்றிச் சுற்றி எழுதுவதைப் படித்துப் படித்து அலுத்துப்போனவள். "பெரியம்மா, ஒரு தடவையாவது எங்க ஊர் கொசுவைப் பத்தி எழுதுங்க. நான் மருந்து வலை குடுக்குற ஒரு பொண்ணுக்கு வளைகாப்பு வருது. வாங்க, பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்றாள். கொசுவலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக் கவிழ்த்து வைக்கும் குடை என்பதற்கு மேல் அதை நான் நினைத்ததே இல்லை. ஆனால் கடல் பார்த்து நாளாகிவிட்டது. கிளம்பிவிட்டேன்.

அறந்தாங்கியில் இறங்கி, இரண்டு இட்லியும் ஒரு காபியும் முடித்துக்கொண்டு, ஆவுடையார்கோயில் வழியாகப் போகும் நகரப் பேருந்தில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முப்பது கிலோமீட்டர் சும்மா போவது கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது. புரட்டாசி. முந்தின வாரம் பெய்த மழையில் கண்மாய்களில் முழங்கால் ஆழம் தண்ணீர் கிடந்தது. ஆவுடையார்கோயில் தாண்டியதும் வயல்கள் குறைந்து, சீமைக்கருவேலமும் பனையும் பெருகி, அப்புறம் இறால் பண்ணைக் குட்டைகள் வந்தன. சன்னல் வழியாக வந்த காற்றில் உப்பு வாடை சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

மீமிசல் நிறுத்தத்தில் கோகிலா ஸ்கூட்டருடன் நின்றாள். அங்கிருந்து வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் ஒரு மீனவர் குடியிருப்பு. உண்மைப் பெயரைப் போடக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் சங்குத்திட்டு என்று நானே பெயர் வைத்துக்கொள்கிறேன். கரையை ஒட்டி மூன்று வரிசை வீடுகள், ஒரு சின்ன மாதா கோயில், தகரம் வேய்ந்த வலைக்கூடம் ஒன்று. அவ்வளவுதான் ஊர். இந்தப் பக்கத்துக் கடலில் அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குளம்போலக் கிடக்கிறது. காற்று மட்டும் ஓயாது. சேலை முந்தானையை இடுப்பில் செருகாமல் அங்கே ஒரு பெண் நிற்க முடியாது.

ஊருக்குள் நுழைந்ததும் கோகிலா ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்து, ஒரு வீட்டு வாசலைக் காட்டினாள். காயப்போட்ட நெத்திலிக் கருவாட்டின்மேல் காக்கை கொத்தாமல் இருக்க ஒரு வெள்ளை வலையை விரித்திருந்தார்கள். அடுத்த வீட்டில் கோழிக் கூண்டைச் சுற்றி அதே வலை. இன்னொரு வீட்டில் கீரைப் பாத்திக்கு வேலி.

"எல்லாம் நான் வீடு வீடாப் போயிக் குடுத்த மருந்து வலை பெரியம்மா. மருந்துபட்ட வலையைக் கருவாட்டு மேல போடாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தியாச்சு."

மருந்து வலை என்றால் என்ன என்று அப்போதுதான் விவரமாகக் கேட்டேன். வலையின் நூலிலேயே பூச்சிமருந்து ஏறியிருக்கும். கொசு உள்ளே வரமுடியாது என்பது ஒரு பங்கு. உள்ளே படுத்திருக்கும் ஆளின் மூச்சுக்கு இழுபட்டு வந்து அது வலையில் உட்காரும். உட்கார்ந்த கால் வழியாக மருந்து ஏறிச் செத்துவிழும். அப்படிச் சில வருடங்கள் வரை அந்த நூல் வேலை செய்யும். ஆளையே இரையாக வைத்துக் கொசுவைப் பிடிக்கும் வலை! என் பைக்குள் இருந்த பேட் மேல் எனக்கு இருந்த மரியாதை அங்கேயே பாதி குறைந்துவிட்டது.

காலை பத்தரைக்குச் சூசையின் வீட்டுக்குப் போனோம். சூசைக்கு அறுபது வயது இருக்கும். பேச ஆரம்பித்தால் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துப் பேசுகிற குரல். அவருடைய மருமகள் ஜெனிட்டாவுக்குத்தான் வளைகாப்பு. போன வருடம் ஒரு கரு தங்காமல் கலைந்து போயிருக்கிறது. இப்போது ஏழாம் மாதம். இதற்கு நடுவில் அவள் கணவன் அந்தோணி, மேற்குக் கடற்கரையில் ஒரு துறைமுகத்துக்குப் படகு வேலைக்குப் போய், வரும்போது மலேரியாவையும் கொண்டு வந்துவிட்டான். இரண்டு வார மாத்திரையில் முக்கால்வாசி முடித்து, வெளிறிப்போன முகத்துடன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனைக் கடித்த கொசு அவளைக் கடித்துவிடக் கூடாது. கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து. கோகிலாவுக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டது இதனால்தான்.

ஜெனிட்டாவின் கட்டிலுக்கு மேல் நான்கு மூலையும் இழுத்துக் கட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் தொங்கியது வலை. பால்போல வெள்ளை. கோகிலா பக்கத்தில் போய் அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். அப்புறம் திரும்பிச் சூசையைப் பார்த்தாள்.

"மாமா, இதைத் தொவைச்சீங்களா?"

"தொவைக்காமயா? புள்ளைக்கு அந்த மருந்து வாடை ஒத்துக்கல சிஸ்டர். படுத்தா ஒமட்டுது ஒமட்டுதுன்னு எந்திரிச்சு வெளிய வந்துருச்சு. விடுவனா? கொதிக்கக் கொதிக்கத் தண்ணியில சோப்புத்தூள் போட்டு ஊறவச்சு, கல்லுல நாலு அடி அடிச்சு, மூணு நாளு மணல்ல விரிச்சு வெயில் காட்டுனேன். இப்ப மோந்து பாருங்க. பூ மாரி இருக்கும்."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எந்தப் புது வலையையும் அலசி உலர்த்திப் பதப்படுத்தாமல் கடலில் இறக்காத மனிதர். வலை விஷயத்தில் அவர் கை வைத்தால் இன்னொருவர் திருத்த வேண்டியதில்லை என்பது ஊர்ப் பேச்சு. அந்தக் கை, மருமகள்மேல் இருந்த பிரியத்தில், வலையின் உயிரையே கசக்கிப் பிழிந்து வெயிலில் காய வைத்திருக்கிறது.

கோகிலா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னாள். "அது மருந்தோட வாடை மாமா. நெழல்ல ஒரு நாள் விரிச்சுப் போட்டிருந்தா வாடை மட்டும் தானா கொறைஞ்சிருக்கும். பச்சத் தண்ணியில லேசா அலசணும், வெயில் ஆகாது. நீங்க செஞ்சதுல பெரும்பகுதி போயிருக்கும். இப்ப இது சும்மா துணி."

சூசை வலையின் ஒரு முனையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜெனிட்டாதான் பேசினாள். "மாமா எனக்காகத்தான சிஸ்டர் செஞ்சாரு. நாந்தான் ஒமட்டுதுன்னு சொன்னேன்." அந்தோணி தலையைக் குனிந்துகொண்டான். அந்த வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் குற்றத்தை எடுத்துத் தங்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

மாற்று வலை அடுத்த வாரம்தான் வரும் என்றாள் கோகிலா. அது மட்டும் போதாது என்றும் சொன்னாள். ஜெனிட்டா ஒருத்தி வலைக்குள் படுத்தால் பாதிக் காப்புத்தான். அந்தோணியும் வலைக்குள் இருக்க வேண்டும். சுற்றி இருக்கிற வீடுகளும் வலைக்குள் தூங்கினால், அந்தக் கரையில் கொசு எங்கே உட்கார்ந்தாலும் சாகும். அப்போதுதான் இவளுக்கு முழுப் பாதுகாப்பு. "ஊரே படுக்கணும் மாமா. ஆனா யாரும் கேக்க மாட்டேங்குறாங்க."

சூசை சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம்.

வலைக்கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். தன்னை மெச்சிக்கொள்ளாமல் ஒரு வாக்கியம் பேசாத மனிதர் அங்கே நடுவில் போய் நின்று, உரக்கச் சொன்னார்: "எம் மருமக வலையை நாந்தான் கெடுத்துட்டேன். ஒரு வலையைப் பத்தி எனக்குத் தெரியாம போச்சு. ஒங்க வீட்டு மருந்து வலையெல்லாம் எறக்கி, உள்ள படுங்கப்பா. அந்தப் புள்ளை பொழைக்கணும்."

வலையிலிருந்து தலையைத் தூக்கி ஒருவர் சொன்னார், "எறக்குறதுக்கு என்னண்ணே. உள்ள படுத்தா தகரம் வேகுது. வெளியில கட்டுனா காத்துல பறந்து மூஞ்சியில ஒட்டுது. இத வச்சு என்ன பண்ணச் சொல்றீக?"

இதுதான் விஷயம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஊரில் வெயில் காலம் தொட்டு மழை பிடிக்கும் வரை, ஜெனிட்டாவைப் போன்ற ஓரிருவர் தவிர, யாரும் வீட்டுக்குள் தூங்குவதில்லை. கரையில் பாய் விரித்துத்தான் படுப்பார்கள். அறைக்குள் ஆணியில் கட்டச் சொல்லி அச்சடித்த படத்தோடு கொடுத்த வலையை, காற்று அடிக்கும் கரையில் என்ன செய்வது?

சூசை அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எத்தனை வருசமாக் கடலுக்குப் போற? தண்ணிக்குள்ள நீரோட்டத்துல வலையை நிறுத்தத் தெரியுது, தரையில காத்துல நிறுத்தத் தெரியாதா ஒனக்கு?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு வேலை ஆரம்பித்துவிட்டது.

வலையின் அடிவிளிம்பில் கனம் சேர்த்தால் அது நிமிர்ந்து நிற்கும். கடல் வலையில் ஈயக்குண்டு கோத்துத்தான் அப்படி நிறுத்துவார்கள். உடனே ஈயக்குண்டு டப்பாக்கள் வந்தன. கோகிலா குறுக்கே விழுந்து தடுத்தாள். "புள்ளைங்க கடிச்சு வாயில போடும். ஈயம் வெசம்." அப்புறம் ஒரு பெண்தான் வழி சொன்னாள். அவள் பெயர் கரோலின், சூசை வீட்டுக்கு எதிர்வீடு. பழைய சேலையைக் கிழித்து, நீளமான குழாயாகத் தைத்து, மணல் நிரப்பி, வலையின் அடியில் சுற்றித் தைத்துவிடலாம் என்றாள். மணலுக்கு அங்கே என்ன பஞ்சம்!

அந்தக் கரோலின் இன்னொரு காரியமும் செய்தாள். வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து, உறை பிரிக்காத மருந்து வலை ஒன்றைக் கொண்டு வந்து கோகிலா கையில் வைத்தாள். மகள் கல்யாணச் சீர்வரிசைக்கு என்று எடுத்து வைத்திருந்தாளாம்! "இம்புட்டு நல்ல துணி, வெளியில கெடச்சாத்தான" என்றாள் வெட்கத்துடன். அதைப் பிரித்து நிழலில் விரித்துப் போட்டார்கள். அன்று இரவு மட்டும் ஜெனிட்டா கரோலின் வீட்டில், கரோலினுடைய வலைக்குள்ளேயே படுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை. நான் இதுவரை பார்த்த வளைகாப்புகளில் இப்படி ஒரு வளைகாப்பு இல்லை. ஒரு பக்கம் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று அண்டாக்கள் இறங்குகின்றன. இன்னொரு பக்கம் இரண்டு தையல் மெஷின்கள் ஓயாமல் ஓடுகின்றன. தண்ணீர் பாட்டிலை நறுக்கிப் புனலாக்கி, ஆண்கள் சேலைக் குழாய்களில் மணல் ஊற்றுகிறார்கள். கருவாட்டின் மேலிருந்தும் கீரைப் பாத்தியிலிருந்தும் பிடுங்கி வந்த வலைகளைக் கோகிலா ஒவ்வொன்றாகப் பார்த்து, உதவாததை ஒதுக்கி, நல்லதை மட்டும் கொடுக்கிறாள். பெரிய கிழிசலைக் கண்டால் ஆளுக்கு ஓர் ஊசியுடன் நான்கு பேர் உட்கார்ந்து, கண் பிசகாமல் பின்னி முடித்துவிடுகிறார்கள். எனக்கும் ஒரு சேலை கொடுத்துக் கிழிக்கச் சொன்னார்கள். கோணலாகக் கிழித்தேன். "நீங்க எழுதுறதோட நிறுத்திக்கிருங்கம்மா" என்று கரோலின் அதை வாங்கிக்கொண்டாள்.

கரையில் கிடந்த பழுதான ஃபைபர் படகுகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கோகிலா ஒன்றில் எட்டிப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னாள். தண்ணீரில் நெளிந்தபடி நூற்றுக்கணக்கான கொசுப்புழுக்கள். அவள் கூப்பிடும் முன்பே பத்துப் பேர் வந்து படகுகளைத் தோள்கொடுத்துக் கவிழ்த்துவிட்டார்கள்.

மாலை நாலரைக்கு ஜெனிட்டாவை நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் தடவி, வளையல் அடுக்கினோம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாலும் கண் அடிக்கடி கடற்கரைப் பக்கம் போனது. அங்கே, கடலில் வலை போட்ட இடத்தை அடையாளம் காட்டக் கொடி கட்டும் மூங்கில்களை எடுத்து மணலில் ஊன்றிக்கொண்டிருந்தார் சூசை. அவர் வளைகாப்புக்கே வரவில்லை. கூப்பிடப் போன அந்தோணியிடம், "வேலையை முடிச்சுட்டு வாரேன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை. இரவு மீமிசலில் கோகிலா வீட்டில் தங்கிவிட்டு, இருட்டு பிரியும்போது ஸ்கூட்டரில் மறுபடி வந்தோம். கடைசிப் பனைமரத்தைத் தாண்டியதும் கோகிலா வண்டியை நிறுத்திவிட்டாள். நானும் இறங்கினேன்.

கரை நெடுக வெள்ளை வலைகள். வரிசை வரிசையாக, மூங்கில்களுக்கு நடுவே, துணியால் கட்டிய சின்னச் சின்ன அறைகள். எத்தனை என்று எண்ணத் தோன்றவில்லை. காற்று என் முந்தானையைப் பிடுங்கி முகத்தில் அடித்தது; கோகிலாவின் துப்பட்டா பறந்து ஸ்கூட்டரில் சிக்கியது. அந்த வலைகள் மட்டும் மெல்ல மூச்சுவிடுவதுபோல அசைந்ததோடு சரி, ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குடும்பம். ஒரு குழந்தையின் கால் வலைக்குள்ளேயே தாயின் வயிற்றின்மேல் கிடந்தது. நீலம், சிவப்பு, பச்சை என்று பழைய சேலைகளின் கரைகள் ஒவ்வொரு வலையின் அடியிலும் வளைந்து ஓடின. கிழக்கே வெளிச்சம் வரவர அந்த நிறங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

நான் எத்தனையோ கோபுரத்தடியில் அண்ணாந்து நின்று வாய் பிளந்திருக்கிறேன். அந்தப் பிரமிப்பெல்லாம் எப்போதோ வாழ்ந்து மறைந்த யாரோ செய்ததைப் பார்த்து வந்தது. இது, எனக்கு நேற்றுப் புளிச்சோறு பரிமாறியவர்கள் ஒரே நாளில் செய்தது. ஒரு பெண்ணின் வயிற்றில் இருக்கும் ஒரு பிள்ளைக்காக ஊர் மொத்தமும் வலைக்குள் படுத்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

கோகிலா ஒரு வலையருகே குந்தி, மணலிலிருந்து எதையோ விரல் நுனியில் ஒற்றி எடுத்துக் காட்டினாள். செத்த கொசு. சுற்றிப் பார்த்தால் மணலில் மிளகுத்தூள் சிந்தினாற்போல அங்கங்கே கறுப்பு.

சந்தோஷம் ஏழு மணி வரைதான் நீடித்தது. கரோலின் தந்த வலைக்குள்ளிருந்து எழுந்து வந்த ஜெனிட்டா, உடம்பு வலிக்கிறது, சுடுகிறமாதிரி இருக்கிறது என்றாள். கோகிலா வெப்பமானி வைத்துப் பார்த்தாள். லேசான காய்ச்சல். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன், ஜெனிட்டாவும் பார்த்துவிட்டாள். மருந்தில்லாத வலைக்குள் அந்தப் பெண் படுத்த இரவுகளை எல்லோரும் மனதுக்குள் நினைத்திருப்போம்.

மீமிசல் போகும் மினி பஸ் ஏழரைக்கு வந்து மாதா கோயில் பக்கத்தில் நின்றது. அதில்தான் நான் திரும்ப வேண்டும். கோயில் படியிலேயே ஜெனிட்டாவை உட்கார வைத்து, விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளை அட்டையில் விட்டு, மேலே மருந்துநீர் ஊற்றினாள் கோகிலா. ஒரு கோடு வந்தால் நோய் இல்லை. இரண்டு வந்தால் இருக்கிறது. அந்தோணிக்குப் பார்த்தபோதே அந்த வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்ட கணக்கு. கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"டிரைவர், நீங்க கெளம்புங்க. நான் அடுத்த வண்டியில வாரேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், படியில் இருந்த ஜெனிட்டாவைப் பார்த்தார், இஞ்சினை அணைத்துவிட்டார். "அடுத்த வண்டி பதினோரு மணிக்குத்தாம்மா. பாத்துட்டே போவோம்." உள்ளே மீன்கூடைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மீன் ஏலத்துக்கு நேரமாகிறது என்பது எனக்கே தெரிந்திருந்தது. இரண்டு பெண்கள் இறங்கி வந்து ஜெனிட்டாவுக்குப் பின்னால் நின்றார்கள். அந்தோணி மனைவியின் வளையல் கையைப் பிடித்துக்கொண்டு அட்டையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். சூசை அங்கே இல்லை. தூரத்தில், கரையில், எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு மூங்கிலிலிருந்து ஒரு வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்த முடிச்சையே மறுபடி கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

முதல் கோடு சீக்கிரம் வந்துவிட்டது. அதன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கோகிலா கடிகாரத்தைப் பார்த்தாள். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"ஒரு கோடுதான். இல்ல. மலேரியா இல்ல. நேத்து நாள் பூரா ஒக்காந்திருந்த அசதியாவும் இருக்கலாம். ரத்தத்தை லேபுக்கும் அனுப்புறேன். காய்ச்சல் விடுற வரைக்கும் விடமாட்டேன், வாரா வாரம் குத்திப் பாப்பேன், சொல்லிட்டேன்" என்று மடமடவென்று பேசிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஜெனிட்டா அட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

"உண்டாயிருக்கேனான்னு பாத்தன்னைக்கு ரெண்டு கோடு வந்துச்சுன்னு அழுதேன். இன்னைக்கு ஒத்தக் கோடு வந்ததுக்கு அழுறேன் பாருங்க" என்றாள்.

நான் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் இஞ்சினைப் போட்டார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஹாரனில் கையை வைத்து நீளமாக ஒரு அழுத்து அழுத்தினார். சூசை திரும்பினார். கோயில் படியில் எழுந்து நின்ற ஜெனிட்டா, வளையல் குலுங்கக் கையை உயர்த்தி ஒரே ஒரு விரலைக் காட்டினாள். கையில் இருந்த வலையை அப்படியே மணலில் போட்டுவிட்டு அந்த மனிதர் ஓடிவந்தார்.